காயாத தூண்டில்

காதலிக்கத் தொடங்கியவர்கள் எதையாவது கற்றுக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். சிலர் கிட்டார் கற்பார்கள், சிலர் சமையல். என் கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு பையனுக்காக நீச்சல் கற்றுக்கொண்டாள். பையன் எப்போதோ போய்விட்டான், அவள் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறாள். நான் தூண்டில்கோல் செய்யக் கற்றுக்கொண்டேன்.

சொன்னால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார். ஆனால் இருப்பது வங்காளத்தில். காளிகாட்டில் ஒரு சந்துக்குள் அப்பாவின் பலகாரக் கடை. முறுக்கு, தட்டை, சீடை, பண்டிகைக்கு முந்திரிக்கொத்து. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டைமாடி அறை. மீன் இல்லாமல் ஒரு வேளையும் நகராத ஊரில் அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் மீன் சந்தையை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறாள். (நடுவில் யாராவது தெரிந்தவர்கள் நலம் விசாரித்தால் பதில் சொல்ல மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று சந்தைப் பக்கம் பெயர்.) அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான் மீனை விரலால்கூடத் தொட்டதில்லை.

சுபோ என்னோடு ஜாதவ்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். அவனுடைய வீடு டாக்குரியாவில். அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைக் காக்கு என்று கூப்பிடுவேன். இங்கே நண்பர்களின் அப்பாவை அப்படித்தான், சித்தப்பா மாதிரி. காக்குவுக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மீன் பிடிக்க டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு குளத்தங்கரையில் குடைக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார். மீதி ஆறு நாள் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவார்.

முதல் முறை சுபோ என்னை வீட்டுக்கு அழைத்துப் போனபோது காக்கு தன் தூண்டில்களையெல்லாம் கட்டிலில் பரப்பிக் காட்டினார். ஒன்றில் தூண்டில் நரம்பு ஓடும் வளையம் ஆடிக்கொண்டிருந்தது. கடையில் வாங்குகிற எதுவும் தன் கைக்குச் சரிவரவில்லை என்று வருத்தப்பட்டார். வெளிநாட்டில் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்து தருவார்களாம், சட்டை தைக்கிற மாதிரி.

நான் வாயை மூடிக்கொண்டு கொடுத்த சந்தேஷ் இனிப்பைத் தின்றிருக்கலாம்.

"நான் செஞ்சு தரேன் காக்கு," என்றேன்.

சுபோ என்னைப் பார்த்தான். காக்கு என்னைப் பார்த்தார். காக்குவின் மனைவி காக்கிமா சமையலறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். கல்லூரியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியவள் நான். ஒரு குச்சியில் நூல் சுற்றி வளையத்தைக் கட்ட முடியாதா என்ற தைரியம்.

உண்மையில் நூல் சுற்றுவது வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. கார்பன் தண்டு வரவழைத்தேன். அதில் வளையங்களை வரிசையாக வைத்து, காக்குவுக்கு உயிரான கால்பந்து அணியின் நிறங்களில், சிவப்பும் மஞ்சளுமாக, நூலைச் சுற்றிக் கட்டினேன். பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு வைர வைரமாகக் கோலம் வருகிற மாதிரி ஒரு பின்னல். செய்து முடித்துவிட்டு என்னை நானே ரொம்ப நேரம் மெச்சிக்கொண்டேன்.

பிறகு எபாக்ஸி வந்தது.

நூல் அவிழாமல் இருக்க அதன் மேல் எபாக்ஸி பூச வேண்டும். இரண்டு புட்டிகள். ஒன்றில் ரெசின், தேன் போல இருக்கும். இன்னொன்றில் ஹார்டனர், அதை இறுக வைப்பது. இரண்டையும் சிரிஞ்சில் சம அளவு எடுத்து, நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, தூரிகையால் நூலின் மேல் பூசி, பூச்சு ஒரு பக்கமாக வழிந்து தொங்காமல் இருக்கத் தண்டை மணிக்கணக்கில் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததும் கண்ணாடிக்குள் நூலைப் பதித்த மாதிரி நிற்கும். சுழற்றுவதற்குக் கெட்டுப்போன மைக்ரோவேவிலிருந்து தட்டு சுற்றும் மோட்டாரைக் கழற்றிவைத்திருந்தேன். தண்டைத் தாங்க இரண்டு முறுக்கு அட்டைப்பெட்டிகள். மொட்டைமாடி அறையில் ஒரு பாதி என் தொழிற்சாலை, மறு பாதி கடையின் மாவு மூட்டைகளும் சலித்துப் பரப்பிய எள்ளும்.

ஹார்டனர் புட்டியைத் திறந்தேன்.

மீன் வாடை.

எனக்கு அப்போது இது தெரியாது. எல்லா ஹார்டனரும் அப்படி நாறாது, நான் வாங்கியது நாறியது. சந்தை முடிந்து மத்தியானம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நேரத்து வாடை. அதுவும் மழைக்காலம், காற்று அசையவில்லை. வாடை படிக்கட்டில் இறங்கி எங்கள் வீட்டுக்குள் போவதை என்னால் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

அந்தக் கணத்தில் என் மூளை ஒரு முடிவெடுத்தது. நாறுவது ஹார்டனர்தானே, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன? குழம்பில் பெருங்காயம் குறைந்தால் குழம்பு குழம்பில்லாமல் போய்விடுமா? (இன்று என்னிடம் தூண்டில்கோல் செய்யக் கற்க வருகிறவர்கள் 'கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா பரவாயில்லையா' என்று கேட்டால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.) ரெசின் முழு அளவு, ஹார்டனர் அதில் பாதிக்கும் சற்று மேல். இரண்டாவது புத்திசாலித்தனம், வாடை போக மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தது. விசிறி வாடையை விரட்டவில்லை. மறு பாதியில் இருந்த எள்ளையும் அரிசி மாவையும் கிளப்பி, பளபளவென்று சுழன்றுகொண்டிருந்த தூண்டில்கோலின் மேல் தூவியது.

மூன்றாவது புத்திசாலித்தனம்தான் பெரியது. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று கார்க் பிடியின் மேலும் தாராளமாகப் பூசிவிட்டேன். பிடியும் மின்னட்டுமே.

கீழே வந்தபோது அம்மா சமையலறையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, மேல என்ன நாத்தம்?"

"மழைம்மா. ஈரம்."

"மழை எப்பட்டி மீனா நாறும்? கையைக் காட்டு."

காட்டினேன். மோந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"மீனு திங்கியா?"

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப யாரு அந்தப் பையன்?"

மீன் வாடையிலிருந்து பையனுக்கு அம்மா எப்படித் தாவினாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, சரியான இடத்தில்தானே போய் நின்றாள். ஒரு வருஷமாக நான் கட்டிக் காத்த ரகசியம் அரைச் சிரிஞ்சு ஹார்டனரில் கரைந்தது.

அப்பா சத்தம் போடுகிற மனிதர் இல்லை. கடையை அடைத்துவிட்டு வந்து, முழுவதும் கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"எம்மா, ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போவோம். மரியாதையா பேசி முடிச்சிருவோம்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நம் ஊரில் பேசி முடிப்பது என்றால் கல்யாணம் அல்லவா. அப்பா காலில் விழப் போனேன். அம்மா என்னைத் தனியே இழுத்துப் போய், "சந்தோசப்படாதட்டி. ஒங்க அப்பா முடிச்சிருவோம்னு சொன்னது அந்த முடிக்கது இல்ல," என்றாள்.

அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தத் தூண்டில்கோல். காக்கு அதை வாங்கிப் பார்த்ததும் எழுந்து ஆடப்போகிறார், அந்த ஆட்டத்தில் அப்பாவின் மனம் கரையப்போகிறது என்று திட்டம். மறுநாள் மாலை போய்ப் பார்த்தேன். பூச்சு மின்னியது. எள்ளும் மாவும் உள்ளே பதிந்து, தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு போலத்தான் இருந்தது. விரலால் தொட்டேன். விரலை எடுத்தேன். விரல் வந்தது, கூடவே நூல் போல ஒரு இழையும் வந்தது. பலாப்பழம் அரிந்த கத்தி மாதிரி.

மழைதான் காரணம், ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொன்னேன். தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் தொட்டுப் பார்த்தேன். தினமும் அது என் விரலை நினைவு வைத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மேலே ஒரு மெல்லிய தோல் கட்டியிருந்தது, லேசாகத் தொட்டால் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். ஹார்டனர் குறைந்த எபாக்ஸி ஒரு வாரத்தில் காயாது, ஒரு வருஷத்திலும் காயாது என்பதைச் சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தூண்டில்கோலை ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு எடுத்துக்கொண்டேன். டாக்ஸி ஜன்னல் வழியே குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா மடியில் முறுக்கு டப்பா. இல்லை என்று சொல்லப் போகும்போதும் வெறுங்கையோடு போகக் கூடாதாம். வழி முழுக்க அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, மறுப்பை வங்காளத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வங்காளம் கடை வங்காளம். கிலோ, கிராம், நாளைக்கு வாருங்கள், இதற்கு மேல் போகாது.

காக்கு ஞாயிற்றுக்கிழமைக் குளத்தையே தியாகம் செய்துவிட்டுக் காத்திருந்தார். காக்கிமா இஸ்திரி போட்டுக் கொடுத்த புது வெள்ளைப் பஞ்சாபி, அதாவது நம் ஜிப்பா. எல்லோரும் வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும், அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் நான் குழாயைத் திறந்து தூண்டில்கோலை உருவி நீட்டினேன்.

"பா, கீ ஷுந்தோர்," என்றார் காக்கு. என்ன அழகு என்று அர்த்தம். எழுந்து ஆடவில்லை, ஆனால் முகம் ஆடியது. பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீசிப் பார்த்தார். நிறங்களைப் பார்த்துச் சுபோவின் தோளைத் தட்டினார். பிறகு கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ரெபோதி, இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் என்ன?" (என் பெயர் ரேவதி. வங்காளிகள் வாயில் அது ரெபோதி.)

நான் பதில் தேடும் முன் அப்பா எட்டிப் பார்த்தார். கடைக்காரர் கண்.

"இது நம்ம எள்ளுல்லா," என்றார் மெதுவாக.

காக்கு விடவில்லை. தூண்டிலின் பின்முனையை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, இப்படித்தான் பெரிய காத்லா மீனை இழுக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டினார். அம்மா பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டீ வந்தது, ஆறியது. காக்கு தூண்டிலைக் கீழே வைக்கவே இல்லை. அவருடைய உள்ளங்கைச் சூடு, பூச்சின் மேலிருந்த மெல்லிய தோலை மெல்ல மெல்ல இளக்கிக்கொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டீக் கோப்பையை எடுக்கக் கையை விரித்தார். கை விரியவில்லை.

இன்னொரு முறை முயன்றார். வயிற்றில் ஊன்றியிருந்ததை எடுக்கப் பார்த்தார். பஞ்சாபியும் கூடவே கூடாரம் போல எழுந்து வந்தது.

"ரெபோதி," என்றார் யோசனையோடு, "இது ஆட்டா."

இங்கே ஒரு விளக்கம். வங்காளத்தில் மூச்சை விட்டு ஆட்டா என்றால் பசை, மூச்சு விடாமல் ஆட்டா என்றால் கோதுமை மாவு. அந்த மூச்சு அப்பாவின் காதுக்கு இந்த ஊரில் என்றுமே எட்டியதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முறுக்குல ஆட்டா கிடையாது சார். பச்சரிசி மாவு. உளுந்து மாவு. அவ்வளவுதான்," என்றார் தன் வங்காளத்தில்.

"ஆட்டா, ஆட்டா," என்று காக்கு கையைத் தூக்கிக் காட்டினார்.

"எங்க கடையில ஆட்டா கலக்கதே இல்ல. யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க."

"ஆட்டாதான், நீங்களே தொட்டுப் பாருங்க."

அப்பா தொட்டுப் பார்த்தார். தொட்டு என்றால் விரல் நுனியால் அல்ல. ஒரு மனிதருடைய கடையின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம், முழுக் கையால் அந்த வைரப் பின்னலைப் பற்றினார்.

இரண்டு பேரும் ஒரு தூண்டிலில் மாட்டிக்கொண்டார்கள்.

சுபோ ஓடிவந்து நுனியைப் பிடித்து இழுத்தான். அதனால் இருவரும் அவனை நோக்கி இரண்டடி நகர்ந்தார்கள், அவ்வளவுதான். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எபாக்ஸி பற்றிய விளக்கத்தை ஆரம்பித்தேன். ரெசினும் ஹார்டனரும் சம அளவு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்கு உண்மை உறைத்தது, வாக்கியத்தை முடிக்கவில்லை.

காக்கிமாதான் காரியத்தில் இறங்கினார். சமையலறையிலிருந்து கடுகெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து, பலாப்பழம் உரித்த கைக்குத் தேய்ப்பது போல, இருவர் கையிலும் ஊற்றினார். கடுகெண்ணெய் வாசனை என்றாலே தலைவலி வரும் அம்மா, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவின் கையைத் தேய்க்க உட்கார்ந்தாள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, இன்னொருவருக்கு வங்காளம் அரைகுறை. ஆனாலும் புருஷன்மார் எதைக் கண்டாலும் தொட்டுவிடுவதைப் பற்றி இருவரும் வெகு விரிவாகப் பேசிக்கொண்டார்கள்.

கைகள் தப்பித்தன. பஞ்சாபி தப்பவில்லை. கார்க்கில் ஒட்டிய துணியை எண்ணெயும் விடுவிக்கவில்லை. கடைசியில் காக்கிமா கத்தரிக்கோலை நீட்ட, தன் வயிற்றுக்கு மேலேயே காக்கு எப்படி வெட்டுவார் என்று அப்பாவே வாங்கி வட்டமாக வெட்டினார். காக்குவின் வயிற்றுக்கு நேராக ஒரு சன்னல் திறந்தது.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தோம். அறை முழுக்கக் கடுகெண்ணெய் மணம். அப்பா எண்ணெய் வழியும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் வந்த வேலை இன்னும் பாக்கி. சுபோ என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா ஆரம்பித்தார். டாக்ஸியில் பாடம் பண்ணிய வாக்கியம், பிசகில்லாமல் வந்தது.

"ஆப்னார் சேலே குப் பாலோ." உங்கள் மகன் மிக நல்லவர். ஒரு கணம் நிறுத்தினார். "கிந்து..."

கிந்து என்றால் ஆனால். அதற்குப் பிறகு ஏதோ ஆட்சேபம் வரப்போகிறது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காக்கிமா புட்டியை மூடுவதை நிறுத்தினார்.

"கிந்து?" என்றார் காக்கு தாழ்ந்த குரலில்.

அப்பா தலை நிமிர்ந்தார். எதிரே, தன் வீட்டுச் சரக்கால் கெட்டு, தன் கையாலேயே வெட்டிய புதுப் பஞ்சாபி. அந்த ஓட்டை வழியே ஒரு நல்ல மனிதருடைய தொப்பை, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. வாங்கினவர் முகம் வாடக் கூடாது என்று காலமெல்லாம் கடை நடத்தியவர் அப்பா. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"கிந்து... உங்க பஞ்சாபி கிழிஞ்சிடுச்சே," என்றார்.

காக்கு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர, சுபோவின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு மனிதர் தன் மகளைக் கொடுக்க வந்த இடத்தில் அவருக்கு இருக்கிற ஒரே ஆட்சேபம் பஞ்சாபிதான் என்றால் அதைவிட நல்ல சம்பந்தம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். காக்கிமா பூஜை அலமாரியிலிருந்து சங்கை எடுத்து ஊதியேவிட்டார், இங்கே சங்கு ஊதுவது கல்யாணம் மாதிரி நல்ல காரியத்துக்கு.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா, "பேசி முடிச்சாச்சுல்லா, முறுக்கை எடுத்துக் குடுங்க," என்றாள்.

கல்யாணம் நடந்தது, இரண்டு ஊர் முறைப்படியும். அந்தத் தூண்டில்கோலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, பூச்சு மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக நூல் சுற்றி, சொட்டு பிசகாமல் சம அளவில் கலந்து, விசிறி இல்லாத அறையில் மறுபடி பூசினேன். மறுநாள் காலை கண்ணாடி மாதிரி நின்றது. மாமனாராகிவிட்ட காக்கு அதைத்தான் இன்றும் குளத்துக்கு எடுத்துப் போகிறார். அவருடைய சிநேகிதர்கள் கேட்டு, அவர்களுடைய சிநேகிதர்கள் கேட்டு, இப்போது டாக்குரியா வீட்டின் பின்அறை முழுக்க என் தூண்டில்கோல்கள்தான் சுழல்கின்றன. மீன் மட்டும் இன்னும் தின்றதில்லை.

அப்பா அன்றைக்கு எதற்காக வந்தார் என்பதை நெடுநாள் மறைத்துவைத்திருந்தோம். எங்கள் மகன் பிறந்து பெயர் வைக்கிற நாளில், பாயசம் தந்த தைரியமோ என்னவோ, அப்பாவே சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். மாமனார் தொட்டிலைக் குனிந்து பார்த்தார். வங்காளிகள் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயரும் வீட்டுக்கு ஒரு செல்லப் பெயரும் வைப்பார்கள். பள்ளிக்கூடப் பெயரை எங்கள் பக்கத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார், அதனால் பையன் நெல்லையப்பன் கோஷ். செல்லப் பெயரை அந்த நிமிஷமே அவர் வைத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேரனையும் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போகிறார். புதிதாக யாராவது பையன் பெயரைக் கேட்டால் தூண்டிலை ஊன்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வார்:

"கிந்து. இவனோட அந்தப் பக்கத்துத் தாத்தா எங்கிட்ட சொல்ல வந்து, பாதியில விட்டுட்டுப் போன வார்த்தை."